பொருநைமகளின் இரண்டாம் முகம்

பொதிய மலையின் நீலக் கொடுமுடிகளில் இரவெல்லாம் படிந்து கிடந்த வெண்முகில்கள், கீழ்வானில் இளஞாயிறு தலைகாட்டிய அளவில், தொழுவம் திறந்துவிடப்பட்ட ஆநிரைபோல ஒன்றையொன்று உரசிக்கொண்டு மெல்ல நகரத் தொடங்கும். அவ்வேளையில், மலையடி நீங்கி வந்த தண்பொருநை, மணலை வருடியும், பாறைகளைச் சுற்றியும், படித்துறைகளில் சற்றே நின்று பேசிச் செல்பவள்போல் நுரைத்தும், கால்வாய்தோறும் தன்னைப் பகிர்ந்தளித்தும், பகிர்ந்தளித்த பின்னும் குறையாதவளாய்க் கிழக்கு நோக்கி நடந்துகொண்டிருப்பாள். அவளுக்கு இருமருங்கிலும் கதிர் முற்றித் தலைசாய்ந்த நெல்வயல்களும், குலைதள்ளிய வாழைத் தோட்டங்களும், அவற்றினிடையே வெண்சுண்ணம் பூசிய சிற்றூர்களும் விரிந்து கிடக்கும். மின்கம்பிகளில் இரட்டைவால் குருவிகள் வரிசையிட்டிருக்க, பள்ளிப் பிள்ளைகளை ஏற்றிய மஞ்சள் வண்டிகள் வயல்வழிச் சாலையில் ஒலியெழுப்பி ஓடும்.

நெல்லையிலிருந்து மேற்கே செல்லும் தொடர்வண்டி சேரன்மாதேவியைக் கடந்து திருமுடிக்குறிச்சியை நெருங்கும்போது, வண்டியின் இடப்பக்கத்தில் அமர்ந்திருப்போரும் எழுந்து வலப்பக்கத்துப் பலகணிகளுக்கு வருவதைப் படிப்பவரே, நீங்கள் ஒருமுறையேனும் காண வேண்டும். ஆற்றின் நடுவே, பெரிய யானையொன்று நீராடிக் களைத்துப் படுத்தாற்போன்ற கரும்பாறையின் மீது, தென்னைகள் மூன்றை ஒன்றன்மேல் ஒன்றாக நிறுத்தினாலும் எட்டாத உயரத்தில், ஒரு பெண் நிற்கிறாள். தலையில் மணிமுடியில்லை, அள்ளிச் செருகிய கொண்டை. கையில் படையில்லை, இடுப்பில் ஒரு குடம். வலக்கை தாழ்ந்து, உள்ளங்கை உலகை நோக்கி விரிந்திருக்கிறது. அவளுடைய ஆடையின் மடிப்புகள் தோளிலிருந்து தொடங்கி அடிவரை அலையலையாய் இறங்கி, கல் எங்கே முடிந்தது, ஆறு எங்கே தொடங்கியது என்று கண்ணை மயக்குகின்றன. யாரவள் என்று புதியவர் வினவினால், இவ்வூரார் "பொருநைமகள்" என்பர். அப்பெயரைச் சொல்லும்போது அவர்தம் குரல் ஒரு படி உயரும்.

அவள் எழுந்த வரலாறு நெடியதன்று. ஆயினும் பெருமிதம் உடையது. ஆற்றங்கரை ஊர்கள் பலவும் கூடி, தமக்குச் சோறளித்த ஆற்றுக்கு ஓர் உருவம் எடுக்க வேண்டுமென்று முடிவு செய்தன. அது கோயிலாக வேண்டா, வழிபாடும் வேண்டா, எச்சமயத்தாரும் தம்மவள் என்று அண்ணாந்து பார்க்கத்தக்க உருவமாக அமைந்தால் போதும் என்பதே அவர்கள் கருத்து. பணியைத் தாங்கியவர் மூவர். வள்ளியூரைச் சேர்ந்த தாணுமாலையன், ஐம்பதைக் கடந்த சிற்பி. கல்லிடம் பொறுமையும் மனிதரிடம் சினமும் உடையவர். தம் கைத்திறத்தில் அவருக்கிருந்த செருக்கு, அத்திறத்தைக் கண்டவர் எவர்க்கும் மிகையாகத் தோன்றாது. ஆழ்வார்குறிச்சியில் பிறந்த சண்முகசுந்தரி, பாலங்களும் மதகுகளும் கட்டிப் பெயர்பெற்ற பொறியாளர். அவர் முன்னோர் இவ்வாற்று நீரால் விளைந்த வயல்களுக்கு உடையவர்களாய் வாழ்ந்தவர்கள். வயல்கள் கைமாறிய பின்னும் ஆற்றின்மீதான உரிமையை மட்டும் அவர் விட்டுக்கொடுக்கவில்லை. மூன்றாமவர் ஹபீப் முகம்மது. நெல்லையை அடுத்த பேட்டையில் இரும்புப் பட்டறை நடத்தி, பளுவைத் தூக்கும் கப்பிகளும் சங்கிலிகளும் செய்பவர். அவர் வீடோ திருமுடிக்குறிச்சியிலேயே, ஆற்றோரத்துப் பாவடித் தெருவில் இருந்தது. தறியில் ஏற்றும் நூற்பாவை நெடுக விரித்துக் கஞ்சி தோய்த்து உலர்த்துவதற்கென அகலமாய் விடப்பட்ட தெரு அது. வீடுதோறும் தறியும், நெய்பவர் காலிறக்கி அமரும் தறிக்குழியும் உண்டு. ஹபீபின் மனைவி மும்தாஜ் பேகம் அத்தெருவில் நுண்ணிய நெசவுக்குப் பேர்போனவர்.

கரைக்கும் பாறைக்கும் இடையே ஓடிய கிளையாற்றின் குறுக்கே, மண்ணும் கல்லும் கொட்டி இறுக்கி, ஒரு நெடிய சாய்கரையை எழுப்பினார் சண்முகசுந்தரி. நீர் கடந்து செல்ல அதன் அடியில் அகன்ற குழாய்கள் பதிக்கப்பட்டன. சிலை உயர உயரச் சாய்கரையும் உயர்ந்தது. அதன்மீது உருளைக் கட்டைகளிட்டு, வடம்பூட்டி, கற்களை ஒன்றன்பின் ஒன்றாக இழுத்தேற்றினர். பாதம் எழுந்தது, இடை எழுந்தது, குடமும் தோளும் கழுத்தும் எழுந்தன. எஞ்சியது முகம் ஒன்றே.

அம்முகத்தை ஒரே கல்லில் வடிப்பேன் என்று தாணுமாலையன் தொடக்கத்திலேயே சூளுரைத்திருந்தார். வள்ளியூருக்கு மேற்கே ஒரு குன்றின் வயிற்றிலிருந்து, பழுதும் புள்ளியும் இல்லாத கரும்பாறையொன்று கிடைத்தது. அதைப் போன்ற இன்னொன்று அக்குன்றில் இல்லை. அக்கல்லை அவர் ஆண்டுக்கணக்கில் செதுக்கினார். பணி முடிந்த அன்று அதைக் காணவந்தவர்கள், பேச எண்ணிய சொற்களை மறந்து நின்றனர். அக்கல்லில் தெரிந்தது, பசித்தவர் வாயிலில் வந்து நிற்பதைக் கண்டு உள்ளே திரும்பிப் பானையைப் பார்க்கும் ஒரு வீட்டுப் பெண்ணின் முகம்.

மார்கழி பிறந்தது. முகக்கல் சாய்கரையின் நடுவழியை எட்டியிருந்த பொழுதில் மழை தொடங்கியது. அது இவ்வட்டாரம் அறிந்த மழையாக இல்லை. வானம் தன் மதகுகளையெல்லாம் ஒருங்கே திறந்துவிட்டாற்போல இரவும் பகலும் ஓயாது கொட்டியது. மலையிலிருந்து இறங்கிய வெள்ளம், வேரோடு பெயர்ந்த வாழைகளையும் மூங்கில் புதர்களையும் சுருட்டி வந்து சாய்கரையின் குழாய்களில் திணித்து அடைத்தது. கிளையாறு வழியின்றித் திகைத்துப் பின்வாங்கி, தாழ்ந்து கிடந்த பாவடித் தெருவுக்குள் திரும்பியது.

விடியற்பொழுதில், சாய்கரையின்மேல், வடங்களாலும் ஆப்புகளாலும் பிணிக்கப்பட்டிருந்த முகக்கல்லின் அருகே தாணுமாலையன் நனைந்தபடி நின்றிருந்தார். சண்முகசுந்தரி கரையோரமாய் நடந்து நீரின் ஏற்றத்தைப் பார்த்துவிட்டு மேலே வந்தார்.

"அண்ணாச்சி, கரையை வெட்டணும். தண்ணி பாவடித் தெருவுக்குள்ள ஏறுது. இங்கன வெட்டிவிட்டாத்தான் வடியும்."

"வெட்டுங்கம்மா. நான் வேண்டாங்கல. கல்லைக் கீழ இறக்கிட்டு வெட்டுங்க. நண்பகலுக்குள்ள பைய இறக்கிருவோம்."

"நண்பகல் வரைக்கும் அந்த மண்சுவரு தாங்காது. எல்லாம் பழைய வீடு."

"அந்த உதட்டோரத்துக்கு மட்டும் ஒரு மழைக்காலம் பூரா உக்காந்திருக்கேன்மா!" என்றார் தாணுமாலையன். "இது மாதிரிக் கல்லும் இனிக் கிடைக்காது. என் கைக்கும் இன்னொரு தடவை இது வராது. நண்பகல் வரைக்கும் குடுங்க."

சண்முகசுந்தரி மறுமொழி கூறுமுன், மார்பளவு நனைந்தவராய் ஹபீப் முகம்மது சாய்கரையில் ஏறி வந்தார். அவர் தோளில் சங்கிலிச் சுருள் கிடந்தது. தெருவைக் காக்கக் கரையை வெட்டச் சொல்லவே அவர் வருகிறார் என்று இருவரும் எண்ணினர்.

"அண்ணாச்சி சொல்லுததுதான் சரிம்மா" என்றார் அவர், மூச்சிரைக்க. "சனமெல்லாம் பள்ளிவாசல் மாடிக்கு ஏறியாச்சு. பிள்ளைகளுக்குச் சாயாவும் குடுத்தாச்சு. இனிப் போனா சுவருதான் போவும். சுவரு போனா கட்டிக்கிடலாம். இந்த முகத்தைத் திரும்ப யாரு செய்வா? நான் கப்பி கட்டுதேன். முதல்ல கல்லைப் பிடிங்க."

தாணுமாலையன் அவரை உற்றுப் பார்த்தார். "உம்ம வீடு எங்கன வே இருக்கு?"

"கீழக்கோடியில."

"அங்கன தண்ணி எம்புட்டு?"

"தறிக்குழி நிறைஞ்சிட்டு" என்றார் ஹபீப். "பெருநாளைக்குன்னு அவ ஒரு பாவு ஏத்தி வச்சிருந்தா. அது கிடக்கட்டும் அண்ணாச்சி, பொழுது போவுது, வாங்க."

சிற்பி நகரவில்லை. மழைத்தாரை அவர் நெற்றியில் விழுந்து தாடியில் ஒழுகியது. அவர் திரும்பி, முகக்கல்லைப் போர்த்தியிருந்த பாயை நீக்கினார். நனைந்த கருங்கல்லில் அம்முகம், உயிர்பெற்றதுபோல் மின்னியது. ஒருமுறை பார்த்தார். பின்பு பாயை முன்போலவே மூடினார். உறங்கும் குழந்தையைப் போர்த்தும் கைகள் அவ்வாறே அசையும்.

"உம்ம வீட்டை முக்கித் தூக்குன முகத்தை நான் எப்படி வே அண்ணாந்து பாப்பேன்?" என்றார். "நீரு உம்ம வீட்டை விட்டுட்டு எனக்காகப் பேசியிருக்கக் கூடாது. வெட்டச் சொல்லுங்கம்மா. வடத்தை நான் அவுக்கேன். கட்டுன நிலையில அது விழுந்தா ஆளையும் சேத்து இழுத்திரும்."

ஹபீப் அவர் கையைப் பற்றித் தடுத்தார். தாணுமாலையன் கையை விடுவித்துக்கொண்டார். சண்முகசுந்தரி ஆட்களுக்குக் கைகாட்டினார். தாம் உயிரைக் கொடுத்து எழுப்பிய கரையைத் தம் வாயாலேயே வெட்டச் சொன்ன அப்பொறியாளரின் முகத்தில் எவரும் கலக்கத்தைக் காணவில்லை. கடப்பாரைகள் விழுந்தன. மண்ணள்ளும் பொறி தன் இரும்புக் கையை நீட்டிக் கரையைக் கிழித்தது. கையகலமாய்த் தொடங்கிய பிளவு வாய்க்காலாகி, வாய்க்கால் ஆறாகி, அடைபட்டிருந்த வெள்ளமெல்லாம் மதங்கொண்ட களிறு தளை அறுத்தாற்போலப் பாய்ந்தது. நீர் பாவடித் தெருவை விட்டு இறங்கத் தொடங்கிய அதே வேளையில், சாய்கரையின் நடுப்பகுதி சரிந்தது. முகக்கல் ஒருமுறை அசைந்து, பக்கவாட்டில் திரும்பி, பாய் விலக, மழைவானை நோக்கிய கண்களோடு ஆற்றினுள் இறங்கி மறைந்தது.

வெள்ளம் வடிந்தபின் தேடினர். பாறைக்குக் கீழ்ப்புறத்தில், கசம் என்னும் ஆழ்மடுவில் அது கிடந்தது. நெற்றி முதல் தாடை வரை இரண்டாய்ப் பிளந்திருந்தது. மேலே கொணரலாமா என்று கேட்டபோது, "ஆத்துக்குச் செஞ்சது, ஆத்துக்கிட்டயே இருக்கட்டும்" என்று கூறிவிட்டு, உளிகளைத் துணியில் சுற்றிக்கொண்டு வள்ளியூருக்குச் சென்றுவிட்டார் தாணுமாலையன்.

அதன்பின் பொருநைமகள் தலையில்லாமல் நின்றாள். தொலைவூரார் வந்து கைப்பேசியில் படமெடுத்து நகைத்துப் பரப்பினர். சாய்கரையை மீண்டும் எழுப்ப எவர்க்கும் மனமில்லை. பெரும்பளு தூக்கும் வண்டியோ ஆற்றுமணலில் இறங்கினால் அச்சுவரை புதையும். "கண்ணாடியிழையில் ஒரு தலை வார்த்து ஒட்டிவிடலாம், எடையும் குறைவு, வேலையும் விரைவு" என்று சிலர் எடுத்துரைத்தனர். பாவடித் தெரு மக்கள் அதைக் கேட்டு ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டனர். அவர்கள் வீடுகளில் சுவர்கள் ஈரம் காய்ந்து நின்றன. தறிகள் மீண்டும் ஒலித்தன. ஆயினும் வாயிலைத் திறக்குந்தோறும் கழுத்தோடு நின்ற அவ்வுருவம் அவர்கள் கண்ணில் பட்டது. "எங்க வீட்டுக்குத் தலை இருக்கு, அவளுக்கு இல்ல. இதைப் பாத்துக்கிட்டு எப்படி நெய்யதாம்?" என்று மும்தாஜ் பேகம் ஒருநாள் சண்முகசுந்தரியிடம் நேரிற் சென்று கேட்டார். அக்கேள்வியைச் சுமந்துகொண்டு சண்முகசுந்தரி வள்ளியூருக்குப் பேருந்து ஏறினார்.

தாணுமாலையன் தம் பட்டறையில் அம்மிக்கல் கொத்திக்கொண்டிருந்தார். வந்தவர் முகவுரையின்றித் தம் கருத்தை உரைத்தார்: ஒற்றைக்கல் வேண்டா, முகத்தைச் சிறுசிறு கற்களால் அமைத்தால், சாரம் கட்டிக் கப்பியால் ஏற்றிவிடலாம்.

சிற்பியின் கண்கள் சிவந்தன. "முகத்தைத் துண்டு போடச் சொல்லுதீங்களா?"

"பாதத்துல இருந்து கழுத்து வரைக்கும் எத்தனையோ கல்லு. அதையெல்லாம் துண்டுன்னு நீங்க சொல்லலையே அண்ணாச்சி. முகத்துக்கு மட்டும் என்ன?"

"கன்னத்துல கோடு விழுந்தா அது முகமா? வெடிச்ச பானை!"

"கோடு எங்கன விழணும்னு தீர்மானிக்கப் போறது நீங்கதான! கல்லைக் கல்லோட பூட்டித் தாரது என் பாடு. கோட்டை மறைக்கது உங்க உளி பாடு. ஊரே வாசல்ல நின்னு அந்தக் கழுத்தைப் பாத்துக்கிட்டிருக்கு. நீங்க இங்கன உக்காந்து அம்மி கொத்துதீங்க. ஆகாதுன்னா ஆகாதுன்னு சொல்லுங்க, இழைத் தலையை ஒட்டச் சொல்லிட்டு நான் என் வேலையைப் பாக்கேன்!"

அவர் சினம் பொங்கப் பேசிக்கொண்டே போக, தாணுமாலையன் திடீரெனக் கையை உயர்த்தினார். அவர் சொற்களைக் கேட்பதை எப்போதோ விட்டுவிட்டு, சொற்கள் பிறக்கும் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நில்லுங்க. இல்ல, நிறுத்தாதீங்கம்மா. பேசுங்க."

"என்னத்தைப் பேச?"

"என்னை ஏசுங்க. இன்னும் நல்லா ஏசுங்க."

சண்முகசுந்தரி அடக்கமாட்டாமல் சிரித்தார். அதற்குள் சிற்பி ஒரு கரித்துண்டை எடுத்துத் தரையில் மண்டியிட்டு வரையலானார். புருவம் நெறியும் இடத்தில் ஒரு கோடு. மேலிமை மடியும் இடத்தில் ஒரு கோடு. இதழ்கள் இரண்டும் பிரியும் இடத்தில் ஒன்று. தாடையின் நிழல் கழுத்தில் விழும் விளிம்பில் ஒன்று. மனித முகத்தில் இயற்கையே இட்டுவைத்த வரைகளின் வழியே கற்கள் பிரிந்தால், பூட்டின் வாய் எவர் கண்ணுக்கும் பூட்டாகத் தோன்றாது. இமையாகத் தோன்றும், இதழாகத் தோன்றும். வரைந்து முடித்து நிமிர்ந்தபோது அவர் முகத்தில் பழைய செருக்கு முழுமையாகத் திரும்பியிருந்தது.

"ஒத்தைக்கல்லுல எவனும் செய்வான்மா" என்றார். "இது எவனுக்கும் வராது."

பணி மீண்டும் தொடங்கியது. ஒரு கல்லின் நாவு மறுகல்லின் குழிக்குள் மயிரிழையும் பிசகாமல் பொருந்துமாறு உட்பூட்டுகளைச் சண்முகசுந்தரி வகுத்தார். பொருந்தாத கற்களை இருமுறையும் மும்முறையும் திருப்பியனுப்பி, சிற்பியோடு நாள்தோறும் சண்டையிட்டார். இடிந்த சாய்கரை இருந்த இடத்தில், காண வருவோர்க்கான வழியாக, கிளையாறு தடையின்றிப் புகுந்து வெளியேறும்படி உயர்ந்த கல்வளைவுகளாலான ஒரு பாலத்தை எழுப்பினார். ஹபீப் முகம்மது பேட்டைப் பட்டறையில் தம் ஆட்களோடு அமர்ந்து, சிலையின் கழுத்துக்கு மேலும் உயரும் இரும்புச் சாரத்தையும், பெருங்கப்பிகளையும் வடித்தார். கற்களின் விளிம்பு சாரத்தில் உரசிச் சிதையாதிருக்க, பாவடித் தெருப் பெண்கள் தடித்த பருத்தித் துணிகளை நெய்து ஒவ்வொரு கல்லையும் பொதிந்தனர். "வேற ஊருத் துணியை அவ மேல போட விட்டிராதீங்க" என்று மும்தாஜ் பேகம் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

கற்கள் ஏறிய நாள்களில் தெருவின் ஆடவரெல்லாம் வடம் பிடித்தனர். அயலூர்களிலிருந்து உழவரும் ஆசிரியரும் கடைக்காரரும் வந்து அவர்களோடு தோள் சேர்த்தனர். தாடை ஏறியது; கீழிதழும் மேலிதழும் ஒன்றன்மேல் ஒன்றாய் அமர்ந்தன; கண்கள் ஏறின; நெற்றியும் கொண்டையும் ஏறின. இறுதிக்கல் பூட்டில் இறங்கியபோது எழுந்த ஓசை சிறிது. ஆனால் ஆற்றின் இருகரையிலும் நின்றவர்கள் அதை நெஞ்சிற் கேட்டனர். பின்னர்த் தாணுமாலையன் தனியே சாரத்தின்மேல் அமர்ந்து கண்மணிகளைத் திறந்தார். அவர் இறங்கி வந்ததும் துணிகள் நீக்கப்பட்டன. படித்துறையில் துவைத்துக்கொண்டிருந்தவர்கள் கைத்துணியை மறந்தனர். ஆற்றங்கரைச் சாலையில் சென்ற வண்டிகள் நின்றன. முதல் முகத்தைக் கண்டிருந்தவர்கள் இதை அதனோடு ஒப்பிட முயன்று தோற்றனர். முன்னவள் பசித்தவரைக் கண்டு பானையை நோக்கியவள். இவளோ அனைவரும் உண்டு முடித்ததைப் பார்த்து நிற்பவள். இதழ்க்கோட்டில் மறைந்த பூட்டு ஒரு புன்னகையாய் அமைந்திருந்தது. ஹபீப் அண்ணாந்து பார்த்தபடியே சிற்பியின் கையைப் பற்றிக்கொண்டார்; இம்முறை தாணுமாலையன் அதை விடுவித்துக்கொள்ளவில்லை.

முகம் ஏறியதற்கு அடுத்து வந்த மார்கழியிலும் வானம் கறுத்தது. பெருமழை என்னும் செய்தி கேட்ட தாணுமாலையன், கற்பூட்டில் நீர் கசியுமோ என்னும் கவலையோடு முதல் பேருந்தில் வந்து, நனைந்த உடையோடு பாவடித் தெருவில் நின்றார். சண்முகசுந்தரி அவருக்கு முன்பே பாலத்தின்மேல் நின்றிருந்தார். மலை இறக்கிவிட்ட வெள்ளம் வாழைகளையும் மூங்கிலையும் சுருட்டிக்கொண்டு செம்மண் நிறத்தில் வந்தது. தெருமக்கள் குழந்தைகளைத் தோளிலேற்றி வாயில்தோறும் காத்திருந்தனர். வெள்ளம் பாறையை மோதிப் பிரிந்து, பொருநைமகளின் அடிகளை நனைத்து, கல்வளைவுகளின் அடியில் தலைகுனிந்து நுழைந்து, மறுபுறம் நிமிர்ந்து, தன் வழியே கிழக்கு நோக்கிச் சென்றது.

பின்பு மும்தாஜ் பேகம் தம் வாயிற்படியைக் குனிந்து தொட்டுப் பார்த்தார். அது காய்ந்திருந்தது. உள்ளே சென்று தறிக்குழியில் கால்களை இறக்கி அமர்ந்தார். கீழக்கோடி வீட்டில் தறி நாடா பாவினூடே ஓடும் ஒலி எழுந்தது. அடுத்த வீட்டிலும், அதற்கடுத்த வீட்டிலும் எழுந்து, மழையொலியினூடே தெரு முழுதும் பரவியது.

உலகில் உயர்ந்த உருவங்கள் பல உண்டு. மன்னர்தம் வெற்றியைச் சொல்வனவும், செல்வர்தம் ஆற்றலைச் சொல்வனவும் வானை முட்டி நிற்கின்றன. ஒரு தெருவுக்காகத் தன் முகத்தை ஈந்து, அத்தெருவின் கைகளாலேயே மீண்டும் முகம் பெற்றவள், நாமறிய, தண்பொருநைக் கரையில் நிற்கும் இவள் ஒருத்தியே. அன்று அம்மழையில் அவளை அண்ணாந்து பார்த்து நின்ற தாணுமாலையன், கல்லின் பூட்டுகளைச் சரிபார்க்கவே வந்ததை மறந்து, தறியொலியைக் கேட்டபடி நின்றுகொண்டிருந்தார்.